எஃப்.டி. போட வந்தவருக்குப் பாலிசி விற்றுவிட்டேன்...

கேள்வி: தனியார் வங்கிக் கிளை ஒன்றில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். மாதக் கடைசியில் இன்சூரன்ஸ் டார்கெட் நெருக்கியது. எஃப்.டி.யைப் புதுப்பிக்க வந்த ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் "இதுவும் எஃப்.டி. மாதிரிதான், வட்டி கொஞ்சம் கூட" என்று சொல்லி, வருடம் ஒரு லட்சம் கட்டும் பாலிசிக்குக் கையெழுத்து வாங்கிவிட்டேன். பத்திரம் போன வாரம்தான் அவர் கைக்குப் போனது. மேனேஜர் பாராட்டினார், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. வேலையை விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, வேலையை விடுவதை அப்புறம் பேசலாம், முதலில் அந்த ஆசிரியர். பத்திரம் கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை செய்திருந்தால் அதன் செலவு, காப்பீடு இருந்த சில நாளுக்கான சிறு தொகை போக மிச்சப் பணம் திரும்பி வரும். இந்த 'ஃப்ரீ லுக்' உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பத்திரத்தில் ஒரு மூலையில் அச்சடித்திருந்தாலும், நீங்கள் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்ட மனிதர் அதையெல்லாம் படித்திருப்பாரா?

வாசலில் வந்து நிற்கும் ஏஜென்ட் என்றால் அவரே பத்துக் கேள்வி கேட்டிருப்பார். கவுன்டரில் ஒன்றுகூடக் கேட்கவில்லை, ஏனென்றால் "பேங்க்லயே சொன்னாங்க". அந்த நம்பிக்கையைத்தான் டார்கெட்டுக்காகச் செலவழித்திருக்கிறீர்கள். அதனால் போன் போதாது, நேரில் போங்கள். "சார், நான் சொன்னது தப்பு. இது எஃப்.டி. இல்லை, வருடா வருடம் ஒரு லட்சம் கட்ட வேண்டும், ஆரம்பத்திலேயே நிறுத்தினால் போட்டதில் பெரும்பங்கு போய்விடலாம்" என்று சொல்லுங்கள். கோபப்பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேனேஜர் விஷயத்துக்கு வருகிறேன். வாடிக்கையாளருக்குப் பொருந்துவதை மட்டுமே விற்க வேண்டும் என்பது 2014-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது. விற்ற ஊழியருக்குக் காப்பீட்டு நிறுவனம் பரிசோ பணமோ தரக் கூடாது, பாலிசி எடுத்தால்தான் லாக்கர், கடன் என்று கட்டாயப்படுத்தவும் கூடாது. அடுத்த முறை நெருக்கினால், "ஓய்வூதியம் மட்டுமே வருமானமுள்ள இவருக்கு இது எப்படிப் பொருந்தும்?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் உத்தரவு போடுகிறவர்கள் பெரும்பாலும் எழுத்தில் பதில் தர மாட்டார்கள், என் வங்கிக் காலத்திலும் அப்படித்தான். அதற்கும் மேல் போனால் தனியார் வங்கி ஊழியர்கள் தங்கள் பெயர் வெளியே தெரியாமல் புகார் சொல்ல 2007-லிருந்தே ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் இன்கிரிமென்ட் குறையலாம், ஊர் மாற்றலாம். நடக்காது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை.

ஆனால் இப்போதைக்கு ராஜினாமா வேண்டாம். அடுத்த வங்கியிலும் இதே டார்கெட்தான் இருக்கும். இந்த ஆசிரியர் பணத்தைத் திரும்பப் பெறுவதற்கே உங்கள் கிளை குறுக்கே நின்றால் அன்றைக்கு யோசியுங்கள். அப்படி இழுத்தடித்தால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வராவிட்டால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், தொலைபேசி எண் 14448. அதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். ஞாயிறு வரை காத்திருக்காமல், இன்று கிளை மூடியதும் நேராக அவர் வீட்டுக்குப் போங்கள்.