அம்மாச்சியின் ராஜா தலைக் காசு: அந்தக் குட்டி எழுத்து என்ன?

கேள்வி: அம்மாச்சியின் பெட்டியில் நான்கு தங்கக் காசுகள் இருந்தன. மூன்றில் ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரை வீரன். 1911 காசில் ஆண்டுக்கு மேலே குட்டியாக ‘எஸ்’, 1918 காசில் ‘ஐ’. 1912 காசில் எழுத்தே இல்லை. அதில் மாலையில் கோக்க வளையம் பற்றவைத்திருக்கிறது. நான்காவது மெல்லிசு, ஆண்டும் இல்லை. எழுத்துள்ள காசு நயம் குறைவு என்கிறார் கடைக்காரர். நிஜமா? என்ன விலை பெறும்?

பதில்: அந்த எழுத்துக்கும் நயத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது காசு எங்கே அச்சானது என்பதைச் சொல்கிறது. உங்களுடையவை பிரிட்டிஷ் சவரன். ‘எஸ்’ சிட்னி, ‘எம்’ மெல்போர்ன், ‘பி’ பெர்த், ‘சி’ கனடாவின் ஒட்டாவா, ‘எஸ்ஏ’ தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா. லண்டன் காசில் எழுத்து இருக்காது. எங்கே அடித்தாலும் 22 காரட்தான். குதிரைப் பக்கத்தின் ஓரத்தில் ‘பிபி’ என்று தெரிந்தால் அதையும் ஊர்க்குறி என்று நினைத்துவிடாதீர்கள். 1817இல் அந்தப் படத்தைச் செதுக்கிய பிஸ்ட்ரூச்சியின் முதலெழுத்துகள் அவை. ராஜாவின் கழுத்து வெட்டில் இருக்கும் ‘பிஎம்’ தலையை வடித்த மெக்கன்னலுடையது.

‘ஐ’ என்பது இந்தியா. பம்பாயில் சவரன் அடித்தது 1918 என்ற ஒரே ஆண்டில்தான், ஏறக்குறைய 13 லட்சம் காசுகள். நம் நாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்குத் தங்க விலைக்கு மேலேயும் தருவார்கள். பெரிய புதையல் என்று சொல்லமாட்டேன். ஆனால் உருக்குவதற்குக் கொடுத்தால் வயிறெரியும். உங்கள் 1911 சிட்னியும் 1912 லண்டனும் ஏராளமாகக் கிடைப்பவை. இதுவே 1920 சிட்னியாகவோ 1917 லண்டனாகவோ இருந்திருந்தால் கதை வேறு. அப்படிப்பட்ட ஆண்டுகளில் போலியும் அதிகம்.

அடுத்து தராசு. 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். சவரன் 7.99 கிராம், குறுக்களவு 22 மில்லிமீட்டர், தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர். (நம் ஊரில் பவுன் 8 கிராம் ஆனதே இதை முழுமையாக்கித்தான்.) கைமாறித் தேய்ந்திருந்தால் சற்றுக் குறையலாம், அந்தக் காலச் சட்டப்படி 7.94க்குக் கீழே போனால் காசு செல்லாது. உங்கள் காசு அதற்கும் கீழே எடை காட்டினால் விளிம்பை உற்றுப் பாருங்கள், யாராவது சுரண்டியிருக்கலாம். இன்னொரு சோதனை: ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க முங்கும்படி தொங்கவிடுங்கள். 0.45 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். 0.9 என்றால் பித்தளை வகையறா.

இதில் தேறிய காசும் அரசு அச்சாலையில் அடித்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முழுத் தங்கத்திலேயே போலி அச்சு அடித்திருக்கிறார்கள். எழுத்துகள் மழுங்கி, வீரனின் முகம் சோப்புக் கட்டி போல வழவழவென்றிருந்தால் சந்தேகப்படுங்கள். அப்போதும் தங்கத்துக்கான விலை கிடைக்கும். சேகரிப்பு விலைதான் கிடைக்காது.

விலைக் கணக்கு எளிது. ஒரு சவரனில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். சுத்தத் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்தால் காசு 73,200. அன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள். காரட் மீட்டரில் காட்டியபின் 91.6 வந்தும் “பழைய தங்கம், சேதாரம்” என்று பத்து சதவீதம் கழித்தால், அது அந்தக் கடையின் வசதிக்கான கழிவு. எழுந்து வந்துவிடுங்கள்.

வளையக் காசை எடைபோடும்போது வளையமும் அதைப் பற்றவைத்த பொடியும் சேர்ந்துவிடும், 8 கிராமுக்கு மேல் போகும். அதில் சேகரிப்பு மதிப்பு இல்லை. பற்றவைத்த அன்றே போய்விட்டது. அதற்காக வளையத்தை வெட்டாதீர்கள், விளிம்புதான் கெடும். மெல்லிசுக் காசு பெரும்பாலும் காசுமாலைக்காகப் பத்தர் தன் அச்சில் தட்டியது. அதற்கு மீட்டர் சொல்வதுதான் பேச்சு.

அப்புறம், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பல்பொடியும் வேண்டாம். அந்த 1918 காசின் மங்கலுக்கும் சேர்த்துத்தான் சேகரிப்பவர் பணம் தருகிறார். அதை மட்டும் நகைக்கடையில் காட்டாமல் நாணய வியாபாரி இரண்டு பேரிடம் காட்டி விலை கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்று கொடுத்தனுப்பலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நூறு ஆண்டு தாண்டிய நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்; தனியாள் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. உங்கள் ராஜா தலைக் காசு மூன்றுமே நூறைத் தாண்டியவை. பிள்ளை ஊருக்கு வரும்போது இங்கேயே பார்த்துக்கொள்ளட்டும்.