பள்ளி ஒன்று சொல்கிறது, கிளினிக் இன்னொன்று சொல்கிறது

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை, எட்டாம் வகுப்பு படிக்கிறான். மூன்று மாதமாக ரிஸ்பெரிடோன் சாப்பிடுகிறான். வாரம் ஒருமுறை ஸ்பீச் தெரபி. தெரபிஸ்ட் நல்ல முன்னேற்றம் என்கிறார். பள்ளியிலோ, வகுப்பில் கத்துகிறான், காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறான் என்று அடிக்கடி கூப்பிட்டு அனுப்புகிறார்கள். படங்களைத் தொட்டுக் காட்டித் தனக்கு வேண்டியதைச் சொல்ல, தெரபியில் பயன்படுத்தும் படப் பலகையை அங்கே வெளியே எடுக்கவே விடுவதில்லை. நடுவில் நான் அல்லாடுகிறேன். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம். தெரபி அறையில் ஒரே ஒருவர்தான் பேசுவார், சத்தம் குறைவு, அடுத்து என்ன என்பது அவனுக்குத் தெரியும். வகுப்பில் இதில் எதுவும் கிடையாது. ஓரிடத்தில் கற்றதை வேறிடத்தில் தானாகப் பயன்படுத்துவது ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குக் கடினம். அதனால்தான் இரண்டு இடமும் பேசிக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

முதலில் அந்தக் கத்தலைக் கவனிப்போம். 'திடீரென்று கத்தினான்' என்ற புகாரை வைத்து எந்த மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு வாரம், அவன் கத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னக் குறிப்பு எழுத ஆசிரியரிடம் சொல்லுங்கள்: எத்தனை மணி, எந்த இடம், சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு என்ன ஆயிற்று. 'மணி அடித்ததும், லேபுக்குப் போக வரிசையில் நின்றபோது' என்று நான்கு முறை வந்தால் சத்தமும் இடமாற்றமும் அவனைப் படுத்துகின்றன என்று புரிந்துவிடும். மணி அடிக்கும் முன்பே அவனை அனுப்பிவிடலாம், காதில் ஹெட்போன் போட அனுமதிக்கலாம். எழுத்து வேலை கொடுக்கும்போதெல்லாம் கத்தி, உடனே வெளியே அனுப்பப்படுகிறான் என்றால் கதை வேறு. கத்தினால் வேலையிலிருந்து விடுதலை என்று கற்றுக்கொண்டிருக்கிறான். வேலையைச் சின்னதாக்கி, 'இடைவேளை வேண்டும்' என்று காட்ட ஓர் அட்டையும் கொடுங்கள். கத்தல் எப்போது வரும் என்பதில் எந்த ஒழுங்கும் தெரியாமல், வீட்டிலும் அப்படியே இருந்தால் உடம்பைப் பாருங்கள். மலச்சிக்கல், பல்வலி, தூக்கமின்மை மூன்றும் இந்தப் பிள்ளைகளிடம் குறும்பு என்ற பெயரில் வந்து நிற்கும். வலிக்கிறது என்று அவன் வாயால் சொல்லாமல் இருக்கலாம்.

அந்தக் குறிப்பு மருத்துவருக்குத் தேவைப்படும் இன்னொரு இடம் மருந்து. ரிஸ்பெரிடோன் ஆட்டிசத்துக்கான மருந்து அல்ல; அதோடு வரும் கடும் எரிச்சலையும் ஆக்ரோஷத்தையும் குறைக்கக் கொடுப்பது. தூக்கக் கலக்கமும் கடும் பசியும் வரலாம். அவன் முதல் பீரியடில் மேஜையில் தலை வைக்கிறானா என்பது வகுப்பாசிரியருக்குத்தான் தெரியும். அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதில் பாதி விடை அங்கே இருக்கிறது. எடை, ரத்தச் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

படப் பலகை விஷயத்தில் நான் பள்ளியின் பக்கம் இல்லை. அது அவனுடைய பேச்சு. பையில் பூட்டி வைத்தால் கத்துவதைத் தவிர அவனுக்கு வேறு என்ன வழி? பலகைக்குப் பழகினால் பேச்சு வராது என்று ஆசிரியர்கள் பயப்படுவது உண்டு. ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. இதைத் தெரபிஸ்டே நேரில் போயோ வீடியோ அழைப்பிலோ அரைமணி நேரம் செய்து காட்டட்டும். நீங்கள் சொன்னால் 'அம்மா செல்லம் கொடுக்கிறார்' என்பார்கள்.

சரி, யார் யாரிடம் பேசுவது? பள்ளியில் ஒருவர், கிளினிக்கில் ஒருவர் என்று பெயர் குறித்துக் கேளுங்கள். இருவரும் நேரடியாகப் பேசச் சம்மதக் கடிதம் கொடுத்துவிடுங்கள். தபால்காரர் வேலை உங்களுக்கு வேண்டாம். முழு மருத்துவ அறிக்கையும் பள்ளிக்குப் போக வேண்டியதில்லை, யாரும் படிக்கவும் மாட்டார்கள். ஒரே பக்கம் போதும்: எது பிடிக்கும், எது அவனைக் கலங்கடிக்கும், கலக்கம் தொடங்கும்போது எப்படித் தெரியும், அப்போது என்ன செய்யலாம், என்ன மருந்து. வீடு, பள்ளி, கிளினிக் மூன்று இடத்திலும் ஒரே இலக்கு வையுங்கள், அதுவும் சின்னதாக. 'இடைவேளை அட்டையைத் தானாக எடுத்துக் காட்டுவது' என்பது நல்ல இலக்கு. 'ஒழுங்காக நடந்துகொள்வது' என்பது இலக்கே அல்ல. ஆறு வாரம் கழித்து மறுபடி கூடிப் பாருங்கள்.

அந்தப் பக்கத்தை எழுதும்போது மகனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். படம் காட்டிக் கேட்டால் பள்ளியில் எந்த இடம் பிடிக்காது என்று அவனே தொட்டுக் காட்டக்கூடும். அப்புறம், தன்னைப் பற்றி வகுப்புத் தோழர்களுக்கு என்ன தெரியலாம் என்பதையும் அவனிடமே கேளுங்கள். 13 வயதுப் பையனுக்கு மானம் உண்டு.

சிலவற்றுக்கு அடுத்த கூட்டம் வரை காத்திருக்காதீர்கள். கூப்பிட்டாலும் திரும்பாமல் சில நொடி வெறித்துப் பார்ப்பது, கைகால் வெட்டுவது, தன்னையே அடித்துக்கொள்வது திடீரெனக் கூடுவது, முன்பு செய்த வேலைகள் கைவிட்டுப் போவது, சாவைப் பற்றிப் பேசுவது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வளரிளம் பருவத்தில் வலிப்பு புதிதாகத் தொடங்குவதுண்டு. இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே உங்களுக்கும் மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அந்த ஒரு பக்கத்தின் கீழே எழுதிவிடுங்கள்.