பொனியா எண்ணிய 447

அன்புள்ள ஆசிரியருக்கு,

உலகின் முதல் பறக்கும் தட்டுப் படம் 1883-இல் மெக்சிகோவில் எடுக்கப்பட்டது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். எடுத்தவர் வானாய்வகத்தின் இயக்குநராம். ஊர்க்கோடியில் விளக்கு தெரிந்தது என்று கதைவிடுகிற ஆள் இல்லை. அப்போது ஃபோட்டோஷாப்பும் கிடையாது. இதையும் பொய் என்று தள்ளிவிடுவீர்களா?

க., திருச்சி

அன்புள்ள க.,

பொய் என்று சொல்ல மாட்டேன். ஹோசே பொனியா (காணொளிகளில் பொனில்லா ஆகிவிடுகிறார்) பார்த்ததும் நிஜம், படம் எடுத்ததும் நிஜம். எதைப் படம் எடுத்தார் என்பதுதான் கேள்வி.

1883 ஆகஸ்ட் 12. சகாடெகாஸ் நகரத்து வானாய்வகம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டர் உயரம். பொனியா சூரியப் புள்ளிகளைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். சூரிய வட்டத்தின் குறுக்கே சின்னச் சின்னக் கரிய உருவங்கள் வரிசையாகப் போகத் தொடங்குகின்றன. மறுநாளும் வந்தன. மொத்தம் 447 என்று எண்ணி எழுதினார்.

இந்த 447-ஐச் சிலர் '447 படங்கள்' ஆக்கிவிட்டார்கள். அது நடக்காத காரியம். அவர் பயன்படுத்தியது ஈரத்தகடு. கண்ணாடியில் கொலோடியன் என்ற பசைக் கரைசலைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். ஒரு தகட்டுக்கே இவ்வளவு பாடு. எண்ணியதெல்லாம் கண்ணால், தகட்டில் விழுந்தவை கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சத்திலும் உருவங்கள் புகை சூழ்ந்தாற்போல மங்கலாக இருக்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த மங்கல்தான். தொலைநோக்கியைச் சூரியனுக்குக் கூர்மைப்படுத்தினால் தொலைவில் இருப்பதெல்லாம் தெளிவாகத் தெரியும், கிட்டத்தில் பறப்பது கலங்கிவிடும். அப்புறம், மெக்சிகோ நகரத்திலும் பூய்ப்லாவிலும் இருந்த ஆய்வகங்களில் யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. சூரியனுக்குப் பக்கத்தில் போயிருந்தால் மூன்று ஊருக்கும் தெரிந்திருக்கும். ஆக, பூமிக்கு அருகில்தான் போயிருக்கின்றன. எவ்வளவு அருகில்?

1886-இல் பிரான்சில் ஃபிளமாரியோன் நடத்திய வானியல் இதழ் இந்தப் படத்தை வெளியிட்டபோதே பறவை, பூச்சி அல்லது தூசி என்று கருத்துச் சொன்னது. 2011-இல் மெக்சிகோ ஆய்வாளர்கள் சிலர், உடைந்த வால்நட்சத்திரத்தின் துண்டுகள் பூமியிலிருந்து 538 முதல் 8,062 கிலோமீட்டருக்குள் கடந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அத்தனை துண்டுகள் அவ்வளவு பக்கத்தில் போனால் கூடவே வந்த பொடிசுகள் எரிகற்களாகக் கொட்டியிருக்குமே! அதுவும் ஆகஸ்ட் 12-ஐ ஒட்டி, ஆண்டுதோறும் பெர்சீயிட் எரிகற்களுக்காக உலகெங்கும் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற நாட்களில். அப்படி ஒரு மழையை யாரும் சொல்லவில்லை. என் ஓட்டு பறவைக்கோ பூச்சிக்கோதான்.

பொனியாவின் பதவி அவர் நேர்மையானவர் என்று நம்ப உதவும். தன் தொலைநோக்கிக்கும் சூரியனுக்கும் நடுவில் போனது எது என்று சொல்ல அது போதாது. பாவம், அவர் 'பறக்கும் தட்டு' என்று எங்கும் எழுதவும் இல்லை. அந்தச் சொல்லே 1947-இல் அமெரிக்காவில் கென்னத் ஆர்னால்ட் ஒன்பது பொருள்களைப் பார்த்ததாகச் சொன்ன பிறகு பத்திரிகைகள் உண்டாக்கியது.

ஃபோட்டோஷாப் இல்லை என்கிறீர்கள். தூரிகை இருந்ததே! 1942 பிப்ரவரி 25 விடியற்காலையில் லாஸ் ஏஞ்சலஸ் வானத்தில் ஜப்பானிய விமானம் என்று நினைத்து 1,400-க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டார்கள். தேடுவிளக்குகள் கூடும் இடத்தில் தட்டுப் போல ஒன்று தெரிகிற அந்தப் புகழ்பெற்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். அச்சில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று பத்திரிகை அலுவலகத்தில் வெள்ளை தீட்டிய படம் அது. அன்றைக்கு அது வழக்கமான வேலை, யாரும் ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை.

உங்களிடம் பைனாகுலர் இருந்தால் ஒன்று செய்யுங்கள். அதன் வழியாகச் சூரியனைப் பார்த்துவிடாதீர்கள், கண் போய்விடும். ஒரு பக்கத்தை மூடிவிட்டு, மறுபக்கத்தால் சூரிய பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்து மொட்டைமாடியில் உட்காருங்கள். காக்கையோ பருந்தோ குறுக்கே போகும்போது அட்டையில் எப்படி விழுகிறது என்று பார்த்து எழுதுங்கள்.