வீடு ஓர் ஒழுங்குக்கு வந்ததும் போகலாம் என்றிருக்கிறேன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 44. கணவர், கல்லூரியில் படிக்கும் மகன், ஒன்பதாம் வகுப்பில் மகள். நானும் வேலைக்குப் போகிறேன். என் பிரச்சினை வீடுதான். எவ்வளவு எடுத்து வைத்தாலும் வீடு வீடாக இருப்பதில்லை.

நான் முயற்சி செய்யாதவள் இல்லை. அலமாரியை முழுசாகக் காலி செய்து, வைத்துக்கொள்வது, யாருக்காவது கொடுப்பது, தூக்கிப்போடுவது என்று மூன்றாகப் பிரித்தேன். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கி, ஒவ்வொன்றின் மேலும் பெயர் ஒட்டி அடுக்கினேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சார்ஜர் டப்பாவுக்குள் கத்தரிக்கோல் இருக்கிறது, கத்தரிக்கோல் டப்பாவின் மேல் சார்ஜர் கிடக்கிறது. மூடியைத் திறந்து உள்ளே போட இந்த வீட்டில் ஒருவருக்கும் உடம்பு வளையாது. மூடி மேலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கணவரிடம் துணி மடிக்கச் சொன்னால் மடிப்பார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவைப்பார். அடியில் இருக்கும் டீ-ஷர்ட்டை இழுத்தால் மொத்தமும் சரியும். நான் மூன்றாக மடித்து நிமிர்த்தி வைப்பேன், எல்லாமே கண்ணுக்குத் தெரியும். எத்தனையோ முறை காட்டிக்கொடுத்தாயிற்று. கடைசியில் அவர் மடித்ததை நானே பிரித்து மறுபடி மடிக்க வேண்டியிருக்கிறது. இப்போது அவர் அந்தப் பக்கமே வருவதில்லை. மகளிடம் பையை மாட்டி வை என்றால், "நான் எங்கே வைத்தாலும் நீ மாத்தத்தானே போற" என்கிறாள். இத்தனை செய்த பிறகு இந்தப் பேச்சு.

எல்லாவற்றையும்விட மோசம் சாப்பாட்டு மேசை. பாதி மேசைக்குக் காகிதம். மின் கட்டண ரசீது, வாரன்ட்டி அட்டை, பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கை, காலாவதியான காப்பீட்டுக் கடிதம், மகளின் தேர்வு சமயத்தில் டாக்டர் எழுதித் தந்த சீட்டு வேறு நீல ஃபைலுக்கு அடியில் கிடக்கிறது (மார்பில் சின்னதாக ஒரு கட்டி, ஊசிப் பரிசோதனை செய்யச் சொன்னார், வலி ஒன்றும் இல்லை, வீடு ஓர் ஒழுங்குக்கு வந்ததும் போகலாம் என்றிருக்கிறேன், வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் அவர் பதறுவார்), மகனின் கல்லூரிக் கட்டண ரசீது என்று ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஃபைல்கள் வாங்கி வைத்தேன். எந்தக் காகிதம் எந்த ஃபைலில் என்று யோசிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

விடுமுறை நாள் முழுக்க இதற்கே போகிறது. வாரத்தின் நடுவில் பார்த்தால் மறுபடி அதே கோலம். மகளின் தேர்வு முடிந்ததிலிருந்து தூக்கமும் சரியில்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சும்மா படுத்திருக்க முடியாமல் சமையலறை இழுப்பறையை அடுக்குகிறேன். காலையில் அதையும் கலைத்துவிடுகிறார்கள். என்னைத் தவிர இந்த வீட்டைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. எந்த முறையில் செய்தால் வீடு ஒழுங்காக நிற்கும்? இவர்களை எப்படித் திருத்துவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

டப்பாவையும் துணியையும் மேசையையும் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த நீல ஃபைலுக்கு அடியில் இருக்கும் சீட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வைத்தது வைத்த இடத்தில் இல்லை என்று கடிதம் நெடுகச் சொல்கிறீர்கள். அந்த ஒரு காகிதம் இருக்கும் இடத்தை மட்டும் ஃபைலின் நிறத்தோடு சொல்கிறீர்கள். அதை நீங்கள் தொலைக்கவில்லை, மறக்கவும் இல்லை. தினமும் அந்த மேசையைத் தாண்டும்போது அது அங்கே இருப்பது உங்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. சீட்டு வந்தது மகளின் தேர்வு சமயத்தில். தூக்கம் கெட்டதும் அந்தத் தேர்வுக்குப் பிறகுதான். இரண்டையும் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள், சேர்த்துப் பார்க்கவில்லை.

அடைப்புக்குறிக்குள் எழுதியதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மார்பில் தென்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. நீர்க்கட்டியாக இருக்கலாம், ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணக் கட்டியாக இருக்கலாம். ஆனால் தொட்டுப் பார்த்தோ, வலியை வைத்தோ இதைத் தீர்மானிக்க முடியாது. வலி இல்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புற்றுநோய்க் கட்டிகளில் பலவும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. எது என்று சொல்லக்கூடியது அந்த ஊசிப் பரிசோதனைதான். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து ஊசியால் சிறிது திசுவை எடுப்பார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அன்றே வீடு திரும்பிவிடலாம். சில நாட்களுக்கு லேசான வலியும் கன்றிப்போன தடமும் இருக்கலாம். முடிவு வரச் சில நாட்கள் ஆகலாம். ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை எடுப்பவர் என்றால் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். சாதாரணக் கட்டி என்றால் இந்த இரவுகள் அன்றோடு முடியும். வேறு ஏதாவது என்றால், அங்கே நாள் கடத்துவது ஒன்றுதான் நமக்கு எதிரி. எப்படிப் பார்த்தாலும் காத்திருப்பதில் உங்களுக்கு லாபமே இல்லை.

"வீடு ஓர் ஒழுங்குக்கு வந்ததும்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு பேர் வாழும் வீடு ஒருநாளும் அப்படி வந்து நிற்காது. தினமும் துணி அழுக்காகும், காகிதம் வரும், பை இறங்கும். சாப்பிட்டு முடித்த தட்டு மறுபடி கழுவப்படுவதைப்போல அது தினமும் திரும்பத் திரும்பச் செய்கிற வேலை. முடிவே இல்லாத ஒரு வேலையோடு பரிசோதனையை முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். தேதி குறித்தால் போக வேண்டியிருக்கும் என்பதால் தேதியே இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதைச் சோம்பல் என்றோ அசட்டை என்றோ நான் சொல்ல மாட்டேன். இது பயம். கைக்கு அடங்காத ஒன்று உள்ளே இருக்கும்போது மனம் கைக்கு அடங்குகிற ஒன்றைத் தேடும். இரவு இரண்டு மணிக்கு இழுப்பறை நீங்கள் சொன்னபடி கேட்கிறது, கரண்டி கரண்டியோடு சேர்கிறது. அந்த ஐந்து நிமிட நிம்மதி உண்மையானதுதான். ஆனால் காலையில் யாரோ ஒருவர் கரண்டியை மாற்றி வைத்ததும் உங்களுக்கு வரும் கோபம் கரண்டிக்கு உரியதைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள்.

அடுத்ததைச் சொன்னால் வருத்தப்படுவீர்கள், ஆனாலும் சொல்ல வேண்டும். உங்கள் மகள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒருவர் மடித்த துணியை அவர் கண்ணெதிரே பிரித்து மறுபடி மடித்தால், இங்கே தன் உழைப்புக்குக் கணக்கில்லை என்று அவர் புரிந்துகொள்வார். அக்கறை இல்லாததால் உங்கள் கணவர் ஒதுங்கியதாக எனக்குப் படவில்லை. நீங்கள் வேலையைக் கொடுத்தீர்கள், அதைத் தன் விருப்பப்படி செய்யும் உரிமையைக் கொடுக்கவில்லை. கட்டி விஷயத்திலும் அதையேதான் செய்திருக்கிறீர்கள். அவர் பதறுவார் என்று நீங்களே முடிவுசெய்து, பதறுகிற வாய்ப்பைக்கூட அவருக்குத் தரவில்லை. தோள் கொடுக்க ஆள் இல்லை என்று சொல்லும் நீங்கள், சுமை எதுவென்று அவரிடம் இன்னும் காட்டவே இல்லை. பதறட்டும். மனைவிக்காகக் கொஞ்சம் பதறுவது அவருக்கும் உரியது.

இன்று இரவு, பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து அந்தச் சீட்டை அவர் கையில் கொடுங்கள். நீளமாக விளக்க வேண்டாம். "ஒரு கட்டி இருக்கு, டெஸ்ட் எழுதியிருக்காங்க, எனக்குப் பயமா இருக்கு, நீங்க கூட வரணும்" என்றால் போதும். நாளைக் காலை அவரை வைத்தே போன் செய்து தேதி வாங்குங்கள். கிடைக்கிற முதல் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள், விடுமுறை நாள்தான் வேண்டும் என்று பார்க்காதீர்கள். சீட்டு கிடைத்துக் கொஞ்ச காலம் ஆகியிருப்பதால், கட்டியின் அளவிலோ தோலிலோ மாற்றம் இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பரிசோதனை முடிந்து ஓரிரு நாள் கனமான எதையும் தூக்கக் கூடாது என்பார்கள். அலமாரியைக் காலிசெய்கிற வேலைக்கு அதுவரை விடுப்பு.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் முறையில் தப்பு மூடியில் இருக்கிறது. எடுப்பதற்கு மனிதர்கள் எவ்வளவு சிரமமும் படுவார்கள், ஏனென்றால் பொருள் வேண்டும். திரும்ப வைக்கும்போது தேவை தீர்ந்துபோயிருக்கும், அதனால் ஒரு கை அசைவுக்கு மேல் செலவழிக்க மாட்டார்கள். தினமும் புழங்குகிற சார்ஜர், கத்தரிக்கோல், சாவி எல்லாவற்றுக்கும் மூடியில்லாத தட்டோ கூடையோ வையுங்கள். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், நிரம்பிய கூடையில் தேடினால் மொத்தமும் வெளியே வரும். வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பதற்கு மட்டும் மூடி போட்ட டப்பா. பை எங்கே விழுகிறதோ அங்கேயே, மகளின் கை எட்டும் உயரத்தில் கொக்கி அடியுங்கள். இடத்தை அவளே காட்டட்டும், காட்டிய பிறகு நீங்கள் மாற்றக் கூடாது. துணிக்கு ஆளுக்கொரு தட்டு. கணவரின் தட்டு சரிந்தால் சரியட்டும், அதை எடுக்கப்போவது அவர்தானே.

காகிதத்துக்கு இத்தனை ஃபைல் வேண்டாம். குவியல் வளர்வதற்குக் காரணம் இடம் இல்லாதது அல்ல, ஒவ்வொரு காகிதத்திலும் எடுக்காத ஒரு முடிவு ஒட்டிக்கொண்டிருப்பது. மூன்றாகப் பிரித்தால் போதும்: தேதிக்குள் செய்ய வேண்டியது, வைத்துக்கொள்ள வேண்டியது, கிழித்துப் போடுவது. முதல் வகையை மட்டும் கண்ணில் படும்படி கிளிப்பில் மாட்டி, மேல் ஓரத்தில் தேதியைப் பெரிதாக எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கைப்பிடிக் காகிதம், பதினைந்து நிமிடம். நடுவில் நிறுத்தினாலும் பரவாயில்லை. உங்கள் மருத்துவக் காகிதங்களை மட்டும் இவற்றோடு கலக்காதீர்கள். ஒரே உறையில், புதியது மேலே இருக்கும்படி வைத்து, அது இருக்கும் இடத்தைக் கணவருக்கும் காட்டிவிடுங்கள்.

இதெல்லாம் பரிசோதனைக்குப் பிறகு. அதற்கு முன்னால் இவற்றில் எதையாவது தொடங்கினால் அதுவும் தள்ளிப்போடும் சாக்காகிவிடும்.

தேதி வாங்கிய பிறகும் சில இரவுகள் விழிப்பு வரும். அப்போது இழுப்பறைப் பக்கம் போகாதீர்கள், அவரை எழுப்புங்கள். இரண்டு மணிக்கு எழுப்பியதற்காக அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். முடிவு வந்த பிறகும் தூக்கம் திரும்பவில்லை என்றால், அதையும் மருத்துவரிடம் ஓர் உபாதையாகவே சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.