பேட்டரி மாட்டியதும் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) அணைந்துவிடுகிறதா?

எஸ்எம்பிஎஸ்ஸை வைத்து பேட்டரி சார்ஜ் செய்யப் பார்த்தால், சும்மா இருக்கும்போது மீட்டரில் 14.4 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரியை மாட்டியதும் கட் ஆகிறது என்கிறீர்களே, சப்ளை பழுதில்லைங்க. காலியான பேட்டரி 11 வோல்ட்டில் நிற்கும், அதை 14.4-க்கு இழுக்கப் பார்த்தால் கரண்ட் எகிறி ப்ரொடெக்‌ஷன் வேலை செய்து சப்ளையை அணைத்துவிடும். கரண்டை ஒரு அளவில் பிடித்து நிறுத்தும் லிமிட் இதில் இல்லை, அதுதான் காரணம்.

உங்கள் சப்ளையைக் கட்டுப்படுத்தும் டிஎல்494 ஐசியில் எரர் ஆம்ப்ளிஃபயர் (அவுட்புட்டை வைத்த அளவோடு ஒப்பிடும் பகுதி) இரண்டு உண்டு. ஒன்று வோல்டேஜுக்கு, மற்றதை (15, 16-ஆம் பின்கள்) கரண்டுக்குப் பயன்படுத்துங்கள். நெகட்டிவ் லைனில் 0.1 ஓம் ஷன்ட் (கரண்டை அளக்கும் ரெசிஸ்டர்) போட்டு 0.7 ஆம்பியரில் நிறுத்துங்கள். பல போர்டுகளில் இந்தப் பின்கள் வேறு வேலைக்குக் கட்டப்பட்டிருக்கும், முதலில் போர்டிலுள்ள டிராக்கைப் (செம்புத் தடத்தைப்) பின்தொடர்ந்து பாருங்கள்.

அவுட்புட் கெப்பாசிட்டர் 16 வோல்ட் என்றால் 25-க்கு மாற்றிவிடுங்கள். பேட்டரி லைனில் ஃப்யூஸ் கட்டாயம். மெயின்ஸைப் பிடுங்கிய பிறகும் பிரைமரி (மெயின்ஸ் பக்க) கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட் தங்கும். மீட்டரில் பார்க்காமல் கை வைக்காதீர்கள். நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.