டேல் எர்ன்ஹார்ட்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சார், ஸ்டாக் கார் என்றால் ஷோரூமில் விற்கிற கார்தானா?

பதில்: அமெரிக்காவில் இந்தப் பந்தயங்களை நடத்தும் அமைப்பான நாஸ்கார், 1949-ல் இந்தத் தொடரைத் தொடங்கியபோது அப்படித்தான். அந்தப் பந்தயங்களின் நட்சத்திரமான டேல் எர்ன்ஹார்ட் காலத்தில் மேல்தோல் மட்டும்தான் ஷெவர்லே. உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு, ராட்சச வி8 எஞ்சின். கதவு திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் நுழைய வேண்டும்.

கேள்வி: பணக்கார வீட்டுப் பிள்ளையா?

பதில்: அதெல்லாம் இல்லை. வட கரோலினாவில் கன்னாபொலிஸ் என்ற மில் ஊர். அப்பா ரால்ஃபும் பந்தயக்காரர். மகன் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டது அவருக்குப் பிடிக்கவே இல்லை. 1973-ல் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். முழு சீசன் ஓட்டும் வாய்ப்பு 1979-ல்தான் வந்தது. அந்த வருடமே சிறந்த புதுமுகம், அடுத்த வருடம் சாம்பியன்.

கேள்வி: மொத்தம் எத்தனை பட்டம் அண்ணா?

பதில்: ஏழு. பந்தய வெற்றிகள் 76.

கேள்வி: இவ்வளவு ஜெயித்தவருக்கு நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயமான டேடோனா 500 மட்டும் ஏன் இருபது தடவை இழுத்தது?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி. ஓட்டத் தெரியாமல் இல்லை. 1990-ல் 200 சுற்றில் 155 சுற்று இவர்தான் முன்னால். கடைசிச் சுற்றில், பாதையில் கிடந்த துண்டு ஒன்று பின் டயரைக் கிழித்துவிட்டது. அதுவரை ஒரு பந்தயமும் ஜெயிக்காத டெரிக் கோப் தாண்டிப் போனார். கிழிந்த டயரை எர்ன்ஹார்டின் அணி பட்டறைச் சுவரில் மாட்டி வைத்தது! 1997-ல் கார் உருண்டது. ஆம்புலன்சில் ஏறியவர் திரும்பிப் பார்த்தார். நான்கு சக்கரமும் இருந்தன. இறங்கி, அதே காரை ஓட்டிப் பந்தயத்தை முடித்தார். 1998-ல் ஒரு சிறுமி அதிர்ஷ்டத்துக்கென்று கொடுத்த ஒரு சென்ட் காசை டேஷ்போர்டில் ஒட்டிக்கொண்டு ஓட்டினார், ஜெயித்தார். மற்ற அணிக்காரர்கள் எல்லாம் பிட் (டயர் மாற்றி எரிபொருள் போடும் இடம்) ஓரம் வரிசைகட்டி நின்று கை கொடுத்தார்கள்.

கேள்வி: இடித்துத் தள்ளித்தான் ஜெயித்தார் என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. 1999-ல் பிரிஸ்டல் பந்தயத்தில் கடைசிச் சுற்றில் டெரி லபான்டியைத் தட்டிச் சுழற்றிவிட்டு ஜெயித்தார். ரசிகர்களே எதிர்த்துக் கூச்சலிட்டார்கள். நானாக இருந்தால் அந்தக் கோப்பையை வீட்டில் வைத்திருக்க மாட்டேன்.

கேள்வி: சாதாரண மோதலில் எப்படி இறந்தார்?

பதில்: பார்க்கத்தான் சாதாரணம். 2001 பிப்ரவரி 18, டேடோனா, கடைசிச் சுற்று. சுவரில் மோதியதில் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்தது. தலையையும் கழுத்தையும் பிடித்து நிறுத்தும் ஹான்ஸ் பட்டை அப்போது இருந்தது, ஆனால் கட்டாயமில்லை, அவர் போடவில்லை. அந்த அக்டோபரில் அந்த வகைப் பட்டையைக் கட்டாயமாக்கினார்கள். அன்று முன்னால் போன இரண்டு காரும் அவருடைய சொந்த அணி: மைக்கேல் வால்ட்ரிப், அடுத்து மகன் டேல் ஜூனியர். 462 பந்தயம் தோற்ற பிறகு முதல் வெற்றி என்று வால்ட்ரிப் கொண்டாடிக்கொண்டிருந்தார், முதலாளி போனது தெரியாமல்.