சுற்றும் வட்டமா, திக்கும் படமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் நெட் இருக்கிறது. மூன்று வருடம் முன்பு வாங்கிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை ஹால் டிவியில் செருகியிருக்கிறோம். ராத்திரி படம் போட்டால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்றுவிடுகிறது. நெட்காரர் 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறச் சொல்கிறார். டிவி வாங்கிய கடையில் கேட்டால், "ஸ்டிக் பழசாயிடுச்சு, 4கே மாடல் எடுங்க" என்கிறார்கள். எதற்குச் செலவு செய்வது?
வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: இப்போதைக்கு இரண்டுக்கும் வேண்டாம். ஒருவருக்குப் பிளான் விற்க வேண்டும், இன்னொருவருக்கு ஸ்டிக் விற்க வேண்டும். உங்கள் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு அவர்கள் யாரும் சொல்லவில்லை.

"நின்று நின்று ஓடுகிறது" என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. படம் நின்று நடுவில் வட்டம் சுற்றினால் டேட்டா வந்து சேரவில்லை, அது நெட் அல்லது வைஃபை சமாச்சாரம். வட்டமே வராமல் படம் மட்டும் திக்கித் திக்கிப் போனால், டேட்டா வந்துவிட்டது, அதைப் பிரித்துத் திரையில் காட்டுவதில்தான் சிக்கல். படம் ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் ரிமோட்டை அழுத்தி மூன்று நொடி கழித்துத்தான் மெனு நகர்கிறது என்றால் கருவியின் மெமரி திணறுகிறது. ஒன்றின் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது. உங்களுடையது முதல் வகை போலத் தெரிகிறது. இன்று ராத்திரி வட்டம் வருகிறதா என்று ஒரு தடவை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேகத்தைப் பற்றி நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு இது: ஃபுல் ஹெச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15. வீட்டில் மூன்று பேர் மூன்று திரையில் 4கே பார்த்தாலும் 45தான் ஆகிறது. ஆக உங்கள் 100 தாராளம். அந்த 100 ஹால் வரைக்கும் வந்து சேர்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபோனை வீட்டு வைஃபையில் போட்டு, ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று ஃபாஸ்ட் டாட் காம் திறந்து பாருங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, அப்புறம் டிவிக்குப் பின்னால், ஸ்டிக் செருகியிருக்கும் இடத்திலேயே ஃபோனை வைத்து இன்னொரு தடவை. இதையே காலை ஆறு மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் செய்யுங்கள். ரூட்டர் பக்கத்திலேயே ராத்திரி மட்டும் வேகம் சரிந்தால் தப்பு நெட்காரர் பக்கம். தெருவில் இருக்கும் கனெக்‌ஷன்களுக்குத் தகுந்த அளவு நெட்டை அவர் மேலே இருக்கும் பெரிய கம்பெனியிடமிருந்து வாங்கிப் போடவில்லை என்று அர்த்தம். அந்த எண்களை அவரிடமே காட்டிக் கேளுங்கள். ரூட்டர் பக்கத்தில் நன்றாக இருந்து டிவி பக்கத்தில் விழுந்தால் தப்பு உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

என் அக்கா வீட்டில் நடந்தது இதுதான். ரூட்டர் பக்கத்தில் 94, டிவி பக்கத்தில் 11. ஃபைபர் போட வந்த பையன் ஒயர் எங்கே உள்ளே நுழைந்ததோ அந்தப் பெட்ரூமிலேயே ரூட்டரை மாட்டிவிட்டுப் போயிருந்தான். ஆறு மாதம் கழித்து அக்கா அதே சுவரை ஒட்டிக் கண்ணாடி வைத்த ஸ்டீல் பீரோவை நகர்த்தி வைத்தார். ரூட்டருக்கும் ஹாலுக்கும் நடுவே முழு ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புத் தகடு. மரக்கதவைத் தாண்டும் வைஃபை இரும்பிடம் தோற்றுவிடும். ரூட்டரைக் கழற்றி ஹால் வாசல் நிலைக்கு மேல் வைத்தோம். ஐந்து மீட்டர் ஒயரும் ஒரு சுத்தியலும் போதுமானதாக இருந்தது. இப்போது டிவி பக்கத்தில் 70க்குக் குறைவதில்லை.

அடுத்தது, உங்கள் ரூட்டர் இரண்டு பெயரில் வைஃபை காட்டுகிறதா என்று பாருங்கள். கடைசியில் 5ஜி என்று இருப்பதை ஃபோன் 5ஜி என்று நினைத்துப் பலர் தொடுவதே இல்லை. இது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, அவ்வளவுதான். இன்னொன்றான 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான் உண்டு: 1, 6, 11. அடுக்குமாடியில் இருபது வீட்டு ரூட்டர், ப்ளூடூத், மைக்ரோவேவ் எல்லாம் அந்த மூன்றுக்குள்தான் முட்டிக்கொள்கின்றன. 5 வேகமானது, கூட்டம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் களைத்துவிடும். ரூட்டரும் டிவியும் ஒரே அறையில் அல்லது ஒரு சுவர் தள்ளி இருந்தால் 5-ஐ வையுங்கள். இரண்டு சுவர் தாண்டினால் இரண்டையும் போட்டுப் பார்த்து எது நிலையாக இருக்கிறதோ அதை.

ஸ்டிக்கோடு டப்பாவில் ஒரு குட்டி ஹெச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயர் வந்திருக்கலாம். வேண்டாத பொருள் என்று டிராயரில் போட்டிருப்பீர்கள். தேடி எடுத்து மாட்டுங்கள். டிவியின் உலோக முதுகிலிருந்து ஸ்டிக்கை நாலு விரற்கடை தள்ளி வைத்தாலே வைஃபையும் நன்றாக எடுக்கும், சூடும் குறையும். மே மாதத்தில் டிவிக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள், சூடேறிய சிப் ஏன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்பது புரியும். கரண்டையும் டிவியின் யூஎஸ்பி ஓட்டையிலிருந்து கொடுக்க வேண்டாம். சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட்டின் கணக்கு அரை ஆம்பியர். ஸ்டிக்கோடு வரும் அடாப்டர் பொதுவாக 1 ஆம்பியர் தரும். பாதிப் படத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் ஸ்டிக்குகளில் நான் முதலில் பார்ப்பது இந்த ஒயரைத்தான்.

இவ்வளவும் செய்து தீரவில்லை என்றால் ஸ்டிக்குக்கான லேன் அடாப்டர் ஒன்று வாங்கி ரூட்டரிலிருந்து ஒயர் இழுத்துவிடுங்கள். 100 எம்பிபிஎஸ் அடாப்டரே போதும், மேலே சொன்ன 15-ஐ நினைவில் வையுங்கள்.

மெனு மந்தமாக இருப்பவர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. சாதாரண ஃபயர் டிவி ஸ்டிக்குகளில் 1 ஜிபி ரேம், 8 ஜிபி ஸ்டோரேஜ். அந்த எட்டிலும் சிஸ்டம் எடுத்துக்கொண்டது போகத்தான் நமக்கு. பார்க்காத ஆப்களை நீக்குங்கள், பெரிய ஆப்களின் கேஷை, அதாவது அவை தற்காலிகமாகச் சேர்த்து வைத்த கோப்புகளை, மட்டும் அழியுங்கள். டேட்டாவை அழித்தால் மறுபடி லாகின் செய்ய வேண்டிவரும். முகப்பில் தானாக ஓடும் டிரெய்லரை நிறுத்த, பிரிஃபரன்சஸில் ஃபீச்சர்டு கன்டென்ட் என்ற இடத்தில் வழி உண்டு. ரிமோட்டில் செலக்ட், ப்ளே இரண்டையும் ஐந்து நொடி சேர்த்து அழுத்தினால் ரீஸ்டார்ட் ஆகும். வாரம் ஒரு தடவை செய்யலாம்.

கேள்வி: நெட்டும் நன்றாக இருக்கிறது, வட்டமும் வருவதில்லை. ஆனால் கேமரா பக்கவாட்டில் மெதுவாக நகரும் காட்சிகளில் படம் துடித்துத் துடித்து நகர்கிறது. புது டிவி, புது பாக்ஸ். இரண்டில் எதைத் திருப்பிக் கொடுக்க?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எதையும் வேண்டாம். சினிமா நொடிக்கு 24 படம். உங்கள் பாக்ஸ் டிவிக்கு அனுப்புவது பெரும்பாலும் நொடிக்கு 60. இருபத்துநான்கை அறுபதில் சமமாகப் பங்குபோட முடியாது. அதனால் ஒரு படம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறது. சண்டைக் காட்சியில் இது கண்ணுக்குத் தெரியாது. மலை, வயல், கோபுரம் என்று கேமரா சாவகாசமாக நகரும்போது நொண்டுவது தெரிந்துவிடும். நம் ஊர் சீரியல்கள் நொடிக்கு 25 என்பதால் அவற்றின் பாடு இன்னும் மோசம்.

ஃபயர் டிவியில் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மேட்ச் ஒரிஜினல் ஃபிரேம் ரேட் என்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு டிவியின் புதிய பதிப்புகளில் மேட்ச் கன்டென்ட் ஃபிரேம் ரேட். படம் தொடங்கும்போது திரை ஒரு நொடி கறுத்துவிட்டு வரும், பயப்பட வேண்டாம். எல்லா ஆப்பும் இதற்குக் கட்டுப்படுவதில்லை என்பது ஒரு குறை. டிவியில் மோஷன் ஸ்மூத்திங் போன்ற ஒன்றை, அதாவது நடுவில் இல்லாத படங்களை டிவியே இட்டுக்கட்டிச் சேர்க்கும் வசதியை, போட்டால் துடிப்பு போய்விடும்தான், ஆனால் பெரிய பட்ஜெட் படமும் கல்யாண வீடியோ மாதிரி ஆகிவிடும். என் வீட்டில் அணைத்தே வைத்திருக்கிறேன்.

கேள்வி: 2,800 ரூபாய்க்கு ஒரு ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கினேன். அட்டையில் 8கே, 4 ஜிபி ரேம் என்றெல்லாம் போட்டிருந்தது. எல்லா ஓடிடியும் வாழ்நாள் இலவசம் என்றார்கள். இரண்டே மாதத்தில் ஆமை வேகம். திடீர் திடீரென்று விளம்பரம் வருகிறது. எப்படி வேகப்படுத்துவது?
வாசகர், மதுரை

பதில்: வேகப்படுத்த வேண்டாம். முதலில் அதை வைஃபையிலிருந்து துண்டியுங்கள். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. டி95 என்ற பெயரில் விற்ற மலிவு பாக்ஸ்களில் பெட்டியைத் திறக்கும் முன்பே தீங்கு நிரல் இருந்தது 2023 தொடக்கத்தில் வெளியே வந்தது. 2024 செப்டம்பரில் டாக்டர் வெப் நிறுவனம் வோ1டி என்ற நிரலை 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் ஆண்ட்ராய்டு பாக்ஸ்களில் கண்டதாக அறிவித்தது. இதே மாதிரிக் கருவிகளில் புகுந்த பேட்பாக்ஸ் 2.0 என்ற தீங்கு நிரல் வலையைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களை எச்சரித்தது. அடுத்த மாதமே கூகுள் அதை நடத்துபவர்கள் மேல் நியூயார்க்கில் வழக்குப் போட்டது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் சிக்கியிருப்பதாகச் சொல்லி. இப்படிச் சிக்கிய பாக்ஸ் உங்கள் நெட் கனெக்‌ஷனை முகம் தெரியாத யாருக்கோ வாடகைக்கு விடும், உங்களுக்குத் தெரியாமல் விளம்பரங்களைக் கிளிக் செய்துகொண்டிருக்கும். அந்த வேலையெல்லாம் நடந்தது போக மிச்ச சக்தியில்தான் உங்கள் படம் ஓடும். உங்கள் பாக்ஸில் அதுதான் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய அறிகுறிகள் எனக்குப் பிடிக்கவில்லை. ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது, நிரல் சிஸ்டத்தோடு சேர்ந்தே வருகிறது.

சுத்தமான பாக்ஸாகவே இருந்தாலும் இன்னொரு இடி. கூகுள் சான்று இல்லாத கருவிகளுக்குப் பெரும்பாலும் வைட்வைன் எல்1 என்ற, படத்தைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் பூட்டின் உயர்ந்த நிலை கிடைப்பதில்லை. அதனால் நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஆப்கள் 480பி தரத்துக்கு மேல் கொடுக்காது. அட்டையில் 8கே, திரையில் பழைய டிவிடி. ரிமோட்டில் நெட்ஃபிளிக்ஸ் பட்டன் இருப்பதும் சான்று ஆகாது, பட்டனை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அடுத்த தடவை வாங்குவதற்கு முன் அட்டையில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் R என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று தேடுங்கள். செட்டாப் பாக்ஸுக்கு இந்தப் பதிவு கட்டாயம். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைத் தட்டினால் கம்பெனி பெயரும் பொருளும் வரும். பொருள் பொருந்தாவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பணத்தைக் கேட்க முடியுமா? முடியும். பில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. ஆன்லைனில் வாங்கியிருந்தால் 2020 மின்வணிக விதிகள் உங்கள் பக்கம்: விளம்பரத்தில் சொன்ன அம்சம் பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. அதனால் அந்த 8கே, 4 ஜிபி விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கு அந்தப் பக்கம் இருக்காது.

இரண்டு மாதம் ஆகிவிட்டதால் 30 நாள் கணக்கு உங்களுக்குத் தாண்டிப் போயிருக்கலாம். ஆனாலும் குறையுள்ள பொருள் என்ற அடிப்படையில் இரண்டு வருடம் வரை புகார் கொடுக்கலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பெரும்பாலான 2,800 ரூபாய் தகராறுகளுக்கு அந்த அழைப்பே போதும், கம்பெனிக்கு அங்கிருந்து கேள்வி போனதும் குரல் மாறும். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

கேள்வி: மேட்ச் பார்க்கும்போது பக்கத்து வீட்டில் சிக்ஸர் என்று கத்திய பிறகுதான் எங்கள் டிவியில் பவுலர் ஓடிவருகிறார். பாக்ஸில் கோளாறா?
வாசகர், தாம்பரம்

பதில்: கோளாறு இல்லை. அவர்கள் டிடிஎச்சிலோ கேபிளிலோ பார்க்கிறார்கள். ஸ்ட்ரீமிங்கில் வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள், ஒரு துண்டு பெரும்பாலும் ஆறு நொடி. நடுவில் நின்றுவிடக் கூடாது என்று உங்கள் பாக்ஸ் மூன்று துண்டாவது சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டவே தொடங்கும். அதிலேயே பதினெட்டு நொடி போயிற்று. எந்த பாக்ஸ் மாற்றினாலும் இது குறையாது. செட்டாப் பாக்ஸ் இன்னும் இருந்தால் மேட்ச் அன்று அதைப் போடுங்கள். இல்லையென்றால் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஃபோனில் ஸ்கோர் ஆப்பின் நோட்டிஃபிகேஷனையும் அணைத்துவிடுங்கள். அதுவும் டிவிக்கு முன்னால் வந்து சொல்லிவிடும்.